குளிர் மலையில் முலாம்பழம்: வெளியிலும் பொலித்தீன் கூடாரத்திலும்



வீட்டுத்தோட்டம் பற்றிய இந்தப் பக்கத்தில் இம்முறை நாம் எடுத்துக்கொள்வது முலாம்பழம். "இந்தக் குளிருல முலாம்பழமா? அது கீழ்நாட்டுச் சாமான் ஆச்சே" என்று பலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். முலாம்பழமும் தர்ப்பூசணியும் வெயில் தேசத்துக் கொடிகள். யாழ்ப்பாணத்தார் வத்தகப்பழம் என்பதும் தர்ப்பூசணியைத்தான். புத்தளம், அனுராதபுரம், அம்பாந்தோட்டை பக்கத்து வெயிலில் அது தானாகவே படர்ந்து காய்க்கும். நம்முடைய மலையில் அப்படி நடக்காது. ஆனால் செடிக்கு என்ன தேவை என்று தெரிந்து செய்தால், சில இடங்களில் வெளியிலும் சில இடங்களில் கூடாரத்துக்குள்ளும் நல்ல பழம் எடுக்கலாம்.

இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. பொலித்தீன் கூடாரம் போட்டால் கை நிறையக் காசு என்று கேள்விப்பட்டு, வட்டிக்குக் கடன் வாங்கிக் கூடாரம் போடும் குடும்பங்கள் உண்டு. இரண்டு மழைக்குப் பிறகு பொலித்தீன் கிழிந்து தொங்கும். கடன் மட்டும் கிழியாமல் நிற்கும். ஆகையால் பயிர் செய்யும் முறையோடு, எதைச் செய்யக்கூடாது என்பதையும் இங்கே எழுதுகிறோம். கடைசி வரை படியுங்கள்.

உங்கள் தோட்டம் எத்தனை அடி உயரம்?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மலையில் ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் சூடு குறையும். கொழும்பில் சராசரி 27 பாகை அளவு என்றால், 4,000 அடியில் உள்ள பண்டாரவளைப் பக்கம் 20 பாகை அளவு. 6,000 அடிக்கு மேலே உள்ள நுவரெலியாவில் 16 பாகை அளவுதான்.

முலாம்பழக் கொடிக்குப் பகலில் 25 முதல் 30 பாகை வரை சூடு வேண்டும். இரவில் 15 பாகைக்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். 12 பாகை அளவுக்கு இறங்கினால் வளர்ச்சி நின்றுபோகும். தர்ப்பூசணிக்கு இதைவிடவும் சூடு வேண்டும்.

இதை வைத்து நாம் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

1. 3,000 அடிக்குக் கீழே (பதுளை போன்ற இடங்கள்): வெளியிலேயே முலாம்பழம் வரும். சிறிய ரகத் தர்ப்பூசணியும் முயலலாம்.

2. 3,000 முதல் 4,500 அடி வரை (பண்டாரவளை, அட்டன் போன்ற இடங்கள்): வெயில் படும் நல்ல மூலையில், கறுப்புப் பொலித்தீன் விரித்து, சிறு மூடியும் போட்டு முலாம்பழம் எடுக்கலாம். கூடாரம் இருந்தால் இன்னும் நல்லது.

3. 4,500 அடிக்கு மேலே: கூடாரத்துக்குள் மட்டும். வெளியில் போட்டால் விதைக் காசும் உழைப்பும் வீண்.

தர்ப்பூசணியை மேலே கொண்டுவர வேண்டாம் என்பது நம்முடைய அபிப்பிராயம். கீழ்நாட்டிலிருந்து லொறி லொறியாக வந்து டவுனில் மலிவாக விற்கும் பழத்தோடு நாம் போட்டி போட முடியாது.

காலம் பார்த்துப் போடுதல்

விதை போட்டதிலிருந்து பழம் பறிக்கும் வரை கீழ்நாட்டில் மூன்று மாதம் போதும். நம் குளிரில் நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் பூக்கும் காலமும் பழம் முற்றும் காலமும் மழையிலும் பனிமூட்டத்திலும் மாட்டக்கூடாது.

அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் வாரம் விதை போட்டால், பெப்ரவரி ஆரம்பத்தில் நாற்று நடலாம். மார்ச் நடுவில் பூக்கும். மே ஆரம்பத்தில், பெரிய மழை பிடிக்கும் முன்பு பழம் கைக்கு வரும்.

ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காலம். ஏப்ரல் நடுவில் விதை போட்டு மே நடுவில் நட்டால் ஆகஸ்டில் பழம். ஆனால் அந்த மாதங்களில் கச்சான் காத்து இலையைக் கிழித்துவிடும். காற்று வரும் பக்கத்தில் மானாப்புல் தட்டியோ பழைய சாக்கோ கட்டி மறைப்பு வையுங்கள்.

மண்ணைச் சரிப்படுத்துதல்

தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், முலாம்பழத்துக்குப் பிடிக்காது. தேயிலை மண்ணின் புளிப்பு அளவு பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். முலாம்பழத்துக்கு 6 முதல் 6.8 வரை வேண்டும். இதைக் கவனிக்காமல் எவ்வளவு பசளை போட்டாலும் கொடி மஞ்சளாகவே நிற்கும்.

கவ்வாத்து முடிந்த மலைக்கு டொலமைட் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே டொலமைட்தான் மருந்து. நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு, ஒரு சதுர யார் இடத்துக்கு இரண்டு பெரிய பிடி (சுமார் 200 கிராம்) தூவி, ஒரு அடி ஆழம் கொத்திக் கலந்துவிடுங்கள். தோட்டத்து ஸ்டோரிலிருந்து எடுக்க வேண்டாம். அது கம்பனிச் சாமான். வீண் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் கடையில் ஒரு சிறு மூட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு நன்றாக மக்கிய சாணியும் கூட்டுப்பசளையும் சேர்த்து, ஒரு அடி உயரத்துக்குப் பாத்தியை உயர்த்துங்கள். உயர்ந்த பாத்தியில் தண்ணி நிற்காது. வெயிலில் மண்ணும் சீக்கிரம் சூடாகும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலைதான் செழிக்கும், காய் பிடிக்காது.

இடம் தெரிவு செய்யும்போது காலை வெயில் விழும் இடமாகப் பாருங்கள். நம் பக்கம் பல நாட்களில் மத்தியானத்துக்கு மேலே மூட்டம் கட்டிவிடும். கிடைக்கிற வெயில் காலை வெயில்தான். லயத்துச் சுவர் ஓரம் நல்ல இடம். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. லயத்துக்கு மேலே உள்ள சரிவை வெட்டிப் பாத்தி போடாதீர்கள், கானை அடைக்காதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. தண்ணி போகிற வழி தண்ணிக்குத்தான்.

விதையை முளைக்க வைத்தல்

முலாம்பழ விதைக்கு 25 முதல் 30 பாகை சூடு வேண்டும். குளிர்ந்த மண்ணில் நேராகப் போட்டால் முளைக்காமல் அழுகிப்போகும். ஆகையால் முளைப்பதை வீட்டுக்குள்ளேயே செய்ய வேண்டும்.

விதையை வெதுவெதுப்பான தண்ணியில் ஆறு மணித்தியாலம் ஊறவையுங்கள். ஈரத்துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் வைத்து அடுப்படிப் பக்கம் வையுங்கள். டப்பாவைத் தொட்டால் குழந்தையின் உடம்புச் சூடுபோல இருக்க வேண்டும். அதைவிடச் சுட்டால் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை முளை தெரியும்.

முளைத்த விதையை, அடியில் ஓட்டை போட்ட யோகட் கப் ஒன்றுக்கு ஒன்று வீதம், அரை அங்குல ஆழத்தில் வையுங்கள். முலாம்பழ வேர் பிடுங்கி நடுவதைத் தாங்காது. அதனால்தான் நாற்று மேடை போடாமல் தனித்தனிக் கப் என்கிறோம். பகலில் வெயிலில் வைத்து, அந்திக்குள் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் மறக்காமல் செய்வார்கள். மூன்று இலை வந்ததும், கப்பை வெட்டி, மண்கட்டி உடையாமல் நடவேண்டும்.

வெளியில் வளர்க்கும் முறை

பாத்தியின் மேலே கறுப்புப் பொலித்தீன் விரித்து ஓரத்தை மண்ணால் மூடுங்கள். இரண்டரை அடிக்கு ஒரு ஓட்டை வெட்டி ஒரு நாற்று. கறுப்பு நிறம் சூட்டை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும், புல்லும் முளைக்காது.

நட்ட முதல் மூன்று வாரம் நாற்றுக்குப் போர்வை வேண்டும். பெரிய தண்ணிப் போத்தலின் அடியை வெட்டி எடுத்துவிட்டு நாற்றின் மேலே கவிழ்த்து வைக்கலாம். பகலில் மூடியைத் திறந்துவிடுங்கள், இரவில் மூடுங்கள். அல்லது மூங்கில் பிளாச்சை வளைத்து ஊன்றி, இரண்டடி உயரத்துக்கு வெள்ளைப் பொலித்தீன் போடலாம். பூ வரத் தொடங்கியதும் பகலில் கட்டாயம் திறக்க வேண்டும். தேனீ உள்ளே வராவிட்டால் காய் இல்லை.

தாய்க்கொடியில் ஐந்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கொழுந்து கிள்ளிய கைக்கு இது பெரிய வேலையில்லை. கிள்ளினால் பக்கக்கொடி ஓடும். முலாம்பழம் பெரும்பாலும் பக்கக்கொடியில்தான் காய்க்கும். ஒரு செடியில் இரண்டு காய், அதிகம் போனால் மூன்று. மற்றதை எலுமிச்சங்காய் அளவு வருவதற்குள் எடுத்துவிடுங்கள். காய்க்கு அடியில் ஒரு பலகைத் துண்டோ ஓட்டுத் துண்டோ வைத்தால் ஈரத்தில் அழுகாது.

சாணிச் சூட்டுப் பாத்தி என்று ஒரு பழைய முறையும் உண்டு. நம்மைவிடக் குளிரான இங்கிலாந்தில் அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் புதுக் குதிரைச் சாணியைக் குவித்து, அது புளிக்கும்போது வரும் சூட்டில், கண்ணாடி மூடிக்கு அடியில் முலாம்பழம் வளர்த்தார்கள். நாமும் புதுச் சாணியையும் மானாப்புல்லையும் கலந்து இரண்டடி உயரம் குவித்து மிதித்து வைக்கலாம். குதிரைச் சாணி கிடைத்தால் மாட்டுச் சாணியைவிட நன்றாகச் சூடேறும். முதல் வாரம் கை வைக்க முடியாத சூடு வரும். அது தணிந்த பிறகு மேலே எட்டு அங்குலம் மண் போட்டு நடுங்கள். சூடு தணியும் முன்பு நட்டால் வேர் வெந்துவிடும்.

பொலித்தீன் கூடாரத்தில் வளர்க்கும் முறை

கூடாரம் பற்றி ஒரு தப்பான எண்ணம் உண்டு. கூடாரம் இருந்தால் இரவிலும் சூடாக இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. பகலில் வெயில் உள்ளே புகுந்து சூடு சேரும். இராத்திரியில் அந்தச் சூடு பொலித்தீன் வழியாக வெளியே போய்விடும். விடியற்காலையில் உள்ளே வெளியே இரண்டுக்கும் ஒன்றிரண்டு பாகைதான் வித்தியாசம். அதனால் பின்னேரம் மூன்று மூன்றரைக்கே பக்கத் திரையை மூட வேண்டும். கறுப்புச் சாயம் பூசிய தகரப் பீப்பாய்களில் தண்ணி நிரப்பி உள்ளே வைத்தால், பகல் சூட்டைத் தண்ணி பிடித்து வைத்து இரவில் கொடுக்கும்.

அதேபோல வெயில் நாளில் மூடியே வைத்தாலும் ஆபத்து. உள்ளே 35 பாகைக்கு மேலே போனால் மகரந்தம் கெட்டு, பூ உதிரும். ஒரு சூடுமானி வாங்கி இலை உயரத்தில், நிழலில் தொங்கவிடுங்கள். 30 பாகை தாண்டினால் திரையைத் தூக்குங்கள்.

சிறு குடும்பத்துக்குப் பத்து அடிக்கு இருபது அடிக் கூடாரம் போதும். சாதாரணப் பொலித்தீன் சில மாதத்தில் வெயிலில் நொறுங்கும். வெயிலைத் தாங்கும்படி மருந்திட்ட கூடாரப் பொலித்தீன் என்று கேட்டு வாங்க வேண்டும். அது சில வருசம் உழைக்கும். கட்டுவதற்கு முன்பு இடத்துக்குத் துரையிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். லயத்து நிலம் நம் பேரில் இல்லை. வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிவிட்டு, பிறகு கழற்றச் சொன்னால் நட்டம் நமக்கு. கடிதம் எழுத உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் உதவுவார்.

உள்ளே கொடியைப் படரவிடாமல், மேலே கம்பியிலிருந்து நூல் தொங்கவிட்டு அதில் சுற்றி ஏற்ற வேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை மூன்று அடி. ஒரே தாய்க்கொடி. அடியிலிருந்து ஒன்பதாவது கணு வரை வரும் பக்கக்கொடிகளைக் கிள்ளிவிடுங்கள். பத்து முதல் பதின்மூன்றாம் கணு வரை வரும் பக்கக்கொடியை விடுங்கள். அதில்தான் காய். காய்க்கு அப்பால் இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். தாய்க்கொடியில் 22 முதல் 25 இலை வந்ததும் அதன் உச்சியையும் கிள்ளுங்கள்.

காய் தேசிக்காயை விடக் கொஞ்சம் பெருத்ததும், நல்ல உருவத்தில் உள்ள ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் குளிர் நாட்டில் ஒரு கொடிக்கு இனிப்பாக்கும் பலம் ஒரு பழத்துக்குத்தான் இருக்கிறது. ஜப்பானில் தேயிலைக்குப் பேர்போன சிசுவோக்கா மாகாணத்தில் கூடாரத்து முலாம்பழத்துக்கும் பெரிய பேர் உண்டு. 1925 இல் இங்கிலாந்திலிருந்து வந்த ரகத்தை வைத்து வளர்த்தெடுத்த பழம் அது. அங்கே இன்றும் ஒரு கொடிக்கு ஒரு பழம் என்பதுதான் முறை. காய் பெருக்கும்போது வலைத்துணியால் தூளி கட்டித் தொங்கவிடுங்கள்.

கையால் மகரந்தம் சேர்த்தல்

கூடாரத்துக்குள் தேனீ வராது. நாம்தான் தேனீ வேலை செய்ய வேண்டும். ஆண் பூ முதலில் வரும், அதற்கு ஒரு வாரம் கழித்துப் பெண் பூ. பெண் பூவின் பின்னால் மயிர் மூடிய சின்னப் பிஞ்சு இருக்கும். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூள் பெண் பூவின் நடுவில் படும்படி மெதுவாகத் தொடுங்கள். கூடாரம் ஈரமாக இருந்தால் தூள் ஒட்டாது. திரையைத் திறந்து காற்றோட விட்டுச் செய்யுங்கள். கொழுந்துக்குப் போகிற தாய்மாருக்கு அந்த நேரம் மலையில் வேலை. வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்குப் பழக்கிவிடுங்கள். சேர்த்த திகதியை ஒரு துண்டில் எழுதிக் காம்பில் கட்டுங்கள். பழம் பறிக்கும் நாளைக் கணக்கிட இது உதவும்.

தண்ணி, நோய், பூச்சி

தண்ணி காலையில், செடியின் அடியில் ஊற்ற வேண்டும். அந்தியில் இலை நனைந்தால் சாம்பல் நோயும் இலை அழுகலும் கூடும். காய் பெருக்கும் காலத்தில் வெயில் நாளில் ஒரு செடிக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர். பழம் முற்றும் கடைசிப் பத்து நாளில் பாதியாகக் குறையுங்கள், இனிப்பு ஏறும். காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும்.

வெளியில் பழ ஈ பெரிய எதிரி. பிஞ்சு கோழிமுட்டை அளவு வந்ததும் கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். புழு விழுந்த காயை அங்கேயே போடாதீர்கள். பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைத்தால் புழு செத்துப்போகும்.

மருந்தடிக்க வேண்டி வந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவு மட்டும் அடியுங்கள். களைநாசினி அடித்த பம்பை இதற்குப் பாவிக்க வேண்டாம். அடியில் தங்கிய மிச்சமே கொடியைக் கொன்றுவிடும். மருந்துப் போத்தலைக் காம்பராவுக்குள் வைக்காதீர்கள். பூட்டுள்ள பெட்டியில், பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது ஒருபோதும் கூடாது.

பறிக்கும் பக்குவம்

மகரந்தம் சேர்த்து 45 முதல் 55 நாளில் நம் குளிரில் பழம் முற்றும். வலைபோல் கோடு விழும் ரகத்தில், காம்பைச் சுற்றி வெடிப்பு விழுந்து, பெருவிரலால் லேசாக அழுத்தினால் கழன்றுவரும். வாசமும் வரும். காம்பு கழலாத ரகங்களுக்குத் திகதித் துண்டுதான் கணக்கு.

பழத்தை வெட்டும் முன்பு தோலை நன்றாகக் கழுவுங்கள். சாணி மண்ணில் கிடந்த தோலில் உள்ள கிருமி கத்தி வழியாக உள்ளே போகும். செம்மஞ்சள் சதையுள்ள முலாம்பழம் கண்ணுக்கு நல்ல சத்து. பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

காசுக் கணக்கு

பத்துக்கு இருபது கூடாரத்தில் மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக 36 செடி வைக்கலாம். கொடிக்கு ஒரு பழம், பழம் ஒரு கிலோ என்று வைப்போம். நாலில் ஒன்று கெட்டுப்போனால் மிஞ்சுவது 27 கிலோ. உங்கள் டவுனில் கிலோ என்ன விலை போகிறது என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். மறுபக்கம் பொலித்தீன், கம்பி, விதை, பசளை, லொறிக் கூலி, எல்லாவற்றையும் எழுதுங்கள். கடன் என்றால் வட்டியையும் எழுதுங்கள்.

எழுதிப் பார்த்தால் தெரியும். முலாம்பழத்துக்காக மட்டும் கடன் எடுத்துக் கூடாரம் போட்டால் கட்டாது. ஏற்கெனவே தக்காளிக்கோ கறிமிளகாய்க்கோ கூடாரம் வைத்திருப்பவர்கள், வருசத்தில் ஒரு போகம் முலாம்பழம் வைத்தால் அது மேலதிக வருமானம். கூடாரம் இல்லாதவர்கள் சுவர் ஓரத்தில் நான்கு செடி, நான்கு தண்ணிப் போத்தல் என்று தொடங்குங்கள். தோற்றாலும் விதைக் காசோடு போகும். ஒரு லயத்தில் ஐந்தாறு குடும்பம் சேர்ந்து, கைக்காசில், ஒரு பொதுக் கூடாரம் போடுவதும் நல்ல வழி.

குடும்பமாகப் பேசிப் பார்க்க

1. நம் தோட்டம் எத்தனை அடி உயரம்? மூன்று பிரிவில் எதில் வருகிறோம்?
2. நம் வாசலில் காலை வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது, எத்தனை மணிக்குப் போகிறது?
3. பூக்கும் மாதத்தில் காலை வேளையில் வீட்டில் இருப்பது யார்?
4. இந்த வேலைக்குக் கடன் வேண்டுமா, கைக்காசு போதுமா?

இந்த நான்குக்கும் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் இடத்துக்கு எது சரிவரும் என்று சேர்ந்து பார்ப்போம். விதை வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.